கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணுக்கும் சிறையா? அமெரிக்காவை விடாமல் துரத்தும் கேள்வி... முழு விளக்கம்

2016 மார்ச் 30. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணம், க்ரீன் பே நகரம். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் முன்னணியில் இருந்த டொனால்ட் ட்ரம்ப், எம்எஸ்என்பிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொள்கிறார். நெறியாளர் கிறிஸ் மேத்யூஸ் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: கருக்கலைப்பைத் தடை செய்தால், அதைச் செய்துகொள்ளும் பெண்ணுக்குத் தண்டனை உண்டா, இல்லையா?

ஏதாவது ஒரு வகையில் தண்டனை இருக்கத்தான் வேண்டும் என்றார் ட்ரம்ப். அவ்வளவுதான், எதிர்ப்பு வெடித்தது. கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்புகளே அவரைக் கண்டித்தன. சில மணி நேரத்திலேயே பேச்சு மாறியது. தண்டனை கருக்கலைப்பு செய்பவருக்குத்தான், பெண் பாதிக்கப்பட்டவர் என்று ட்ரம்ப் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது.

அன்றைக்கு அது கற்பனைக் கேள்வி. ஏனென்றால் அப்போது கருக்கலைப்பு அமெரிக்கா முழுக்க அரசியல் சாசன உரிமையாக இருந்தது. 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்த பிறகு, கேள்வி நிஜமாகிவிட்டது. கருக்கலைப்பு குற்றம் என்றால், குற்றவாளி யார்? மருத்துவர் மட்டும்தானா, பெண்ணுமா?

சட்டம் என்ன சொல்கிறது, யார் என்ன கேட்கிறார்கள், இந்தியாவில் நிலைமை என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, 2022-ல் என்ன நடந்தது?

1973-ல் வந்த 'ரோ எதிர் வேட்' தீர்ப்பு, கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக அங்கீகரித்தது. சுமார் 49 ஆண்டுகள் அதுதான் நாடு முழுவதற்குமான விதி. மிசிசிப்பி மாகாணம் 15 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடை செய்து கொண்டுவந்த சட்டம் வழக்காக மாறி, 'டாப்ஸ்' என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில்தான் 'ரோ' தீர்ப்பு தூக்கி எறியப்பட்டது.

இனி இதை அந்தந்த மாகாணங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது நீதிமன்றம். விளைவு, சுமார் 12 மாகாணங்களில் ஏறக்குறைய முழுத் தடை. இன்னும் சில மாகாணங்களில் 6 வாரத்துக்கு மேல் தடை. பல பெண்களுக்கு கர்ப்பம் என்று தெரியவருவதற்குள்ளேயே 6 வாரம் கடந்துவிடும்.

தடைச் சட்டங்கள்ல பெண்ணுக்கு தண்டனை இருக்கா?

பெரும்பாலும் இல்லை. இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்ட் 25-ல் அமலுக்கு வந்த தடைச் சட்டப்படி, கருக்கலைப்பு செய்யும் மருத்துவருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். குறைந்தது 1 லட்சம் டாலர் அபராதமும் உண்டு. ஆனால் அந்தப் பெண் மீது இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அலபாமாவின் 2019-ம் ஆண்டு சட்டமும் அப்படித்தான். மருத்துவருக்கு 99 ஆண்டு வரை சிறை, பெண்ணுக்கு விலக்கு.

கருவில் இருக்கும் சிசுவைக் கொலைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த மாகாணங்களிலும், தாய்க்கு இது பொருந்தாது என்ற வரி பொதுவாக இருக்கும். அமெரிக்க மத்திய அரசு 2004-ல் கொண்டுவந்த கருவில் இருக்கும் சிசுக்களுக்கான பாதுகாப்புச் சட்டத்திலும் அதே விலக்கு உண்டு.

விதிவிலக்கான மாகாணங்களும் இருக்கின்றன. தெற்கு கரோலினாவின் பழைய சட்டம் ஒன்றில், விதிகளுக்கு வெளியே தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு 2 ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது.

ஏன் பெண்ணை மட்டும் விட்டாங்க?

இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

ஒன்று, கொள்கை. கருக்கலைப்பில் பாதிக்கப்படுவது இரண்டு பேர், குழந்தை முதல் ஆள், தாய் இரண்டாவது ஆள் என்பது அங்குள்ள பெரிய எதிர்ப்பு அமைப்புகளின் நிலைப்பாடு. வறுமை, காதலன் அல்லது குடும்பத்தின் நெருக்கடி போன்றவைதான் பெண்ணை அந்த முடிவுக்குத் தள்ளுகின்றன, அவரைச் சிறைக்கு அனுப்புவது நியாயமில்லை என்கிறார்கள்.

இரண்டு, நடைமுறை. 19-ம் நூற்றாண்டிலேயே சில மாகாணச் சட்டங்கள் பெண்ணையும் தண்டிக்க வழி செய்தன. நியூயார்க் 1845-லேயே அப்படி ஒரு சட்டம் போட்டது. ஆனாலும் கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் கருக்கலைப்பு செய்தவர்கள்தான். அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அந்தப் பெண்ணை விட்டால் வேறு ஆள் இல்லை. அவரையே குற்றவாளியாக்கினால் யார் வாய் திறப்பார்கள்? அதற்காகப் பெண்கள் நிம்மதியாக விடப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. மரணப் படுக்கையில் இருந்தவர்களிடம்கூட போலீஸ் வாக்குமூலம் வாங்கியிருக்கிறது.

மூன்று, ஓட்டு. பெண்களைச் சிறையில் தள்ளும் கட்சி என்று பெயர் எடுக்க எந்த அரசியல்வாதியும் விரும்ப மாட்டார்.

ஆனா, இங்கதான் ஒரு சிக்கல்

கரு முழு மனித உயிர், அதைக் கலைப்பது கொலை என்று ஒருபக்கம் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தக் 'கொலை'க்குச் சம்மதித்தவருக்கு மட்டும் ஏன் விலக்கு?

இந்த முரண்பாட்டை 1973-லேயே உச்ச நீதிமன்றம் கவனித்திருக்கிறது. 'ரோ' தீர்ப்பின் 54-வது அடிக்குறிப்பில் இது வருகிறது. கருவும் ஒரு 'நபர்' என்று டெக்சாஸ் அரசு வாதாடியது. அப்படியென்றால் உங்கள் சட்டத்தில் பெண் ஏன் குற்றவாளியாகவோ உடந்தையாகவோ சேர்க்கப்படவில்லை, கொலைக்கு உள்ளதைவிட தண்டனை ஏன் குறைவாக இருக்கிறது என்று நீதிமன்றம் திருப்பிக் கேட்டது.

அன்று அது டெக்சாஸின் வாதத்தை உடைக்கக் கேட்ட கேள்வி. இன்று அதே கேள்வியை எதிர்ப் பக்கத்தில் இருந்தே ஒரு கூட்டம் கேட்கிறது.

யார் அந்த 'ஒழிப்புவாதிகள்'?

கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்துக்குள்ளேயே தீவிரமான ஒரு பிரிவு இது. அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர்களுக்கு அமெரிக்க வரலாற்றில் இருக்கும் பெயரையே தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் தீவிர கிறிஸ்தவப் பின்னணி கொண்டவர்கள்.

இவர்களின் வாதம் நேரடியானது. அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தம் எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தருகிறது. பிறந்த குழந்தையைக் கொன்றால் என்ன சட்டமோ, பிறக்காத குழந்தைக்கும் அதே சட்டம்தான் இருக்க வேண்டும். தாய்க்கு விலக்கு கொடுப்பதே பாகுபாடு என்கிறார்கள். அதனால் இவர்கள் கொண்டுவரும் மசோதாக்களில் பெரும்பாலும் புதிய குற்றம் எதுவும் இருக்காது. ஏற்கெனவே உள்ள கொலைச் சட்டத்தில் தாய்க்கு விலக்கு தரும் அந்த ஒரு வரியை நீக்கினால் அவர்களுக்குப் போதும்.

லூசியானா: 10 நாளில் நடந்த நாடகம்

இந்த மோதல் வெளிச்சத்துக்கு வந்தது 2022 மே மாதம். 'ரோ' ரத்தாகப் போகிறது என்ற உச்ச நீதிமன்ற வரைவுத் தீர்ப்பு மே 2-ம் தேதி கசிந்தது. இரண்டே நாளில், மே 4-ம் தேதி, லூசியானா மாகாணப் பிரதிநிதிகள் அவையின் குழு ஒன்று 7-2 என்ற வாக்கில் ஒரு மசோதாவை அடுத்த கட்டத்துக்கு அனுப்பியது.

குடியரசுக் கட்சியின் டேனி மெக்கார்மிக் கொண்டுவந்த அந்த மசோதாப்படி, கருத்தரித்த கணத்திலிருந்தே கரு ஒரு நபர். கருவைக் கலைக்கும் பெண் மீது கொலை வழக்கு போடலாம்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. லூசியானாவின் முக்கிய கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பே மசோதாவை ஏற்கவில்லை. கருக்கலைப்பை எதிர்ப்பவர் என்று அறியப்பட்ட ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் (ஜனநாயகக் கட்சி), இதில் கையெழுத்து போட மாட்டேன் என்றார். மே 12-ம் தேதி, 70-க்கும் மேற்பட்ட கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகள் நாட்டின் எல்லா மாகாண சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த கடிதம் எழுதின. பெண்களைக் குற்றவாளியாக்கும் எந்த மசோதாவையும் ஆதரிக்காதீர்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அதே நாளில் அவையில், பெண்ணைத் தண்டிக்கும் பகுதியை வெட்டிவிடும் திருத்தம் 65-26 என நிறைவேறியது. மெக்கார்மிக் மசோதாவைத் திரும்பப் பெற்றார்.

அதோட முடிஞ்சுதா?

இல்லை. ஒவ்வொரு ஆண்டும் மாகாண சட்டமன்றங்கள் கூடும்போது இந்த மசோதா வேறு வேறு ஊர்களில் திரும்ப வருகிறது.

2023-ல் தெற்கு கரோலினாவில் வந்த மசோதா, கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண் மீது கொலை வழக்கு போட வழி செய்தது. அந்த மாகாணத்தில் கொலைக்கு மரண தண்டனை வரை உண்டு. செய்தி நாடு முழுக்கப் பரவியதும், ஆதரித்துக் கையெழுத்திட்ட உறுப்பினர்கள் சிலர் பின்வாங்கினார்கள். 2025 பிப்ரவரியில் வடக்கு டகோட்டாவில் இதே மாதிரி மசோதா பிரதிநிதிகள் அவையில் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. ஓக்லஹோமாவில் குழு நிலையிலேயே தள்ளுபடி ஆனது. 2025 நவம்பரில் தெற்கு கரோலினாவில் பெண்களுக்கும் நீண்ட கால சிறை என்ற இன்னொரு மசோதா செனட் துணைக்குழுவைத் தாண்டவில்லை.

இதுவரை இப்படி ஒரு மசோதாகூட சட்டமாகவில்லை. ஆனால் ஒரு காலத்தில் யாரும் தொடாத மசோதாக்கள், இப்போது குழு விசாரணைக்கும் வாக்கெடுப்புக்கும் வருகின்றன.

மாத்திரை எல்லாத்தையும் மாத்திடுச்சு

மருத்துவரை மட்டும் தண்டிப்பது என்ற ஏற்பாடு, கருக்கலைப்பு மருத்துவமனையில் நடந்த காலத்துக்குப் பொருந்தியது. இப்போது நிலைமை வேறு.

மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகள். முதல் மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000-ல் அனுமதி தந்தது. நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை 2021 டிசம்பரில் நீக்கியது. 2023-ல் அந்நாட்டில் மருத்துவக் கட்டமைப்புக்குள் நடந்த கருக்கலைப்புகளில் 63% மாத்திரை மூலம்தான் என்கிறது கட்மாக்கர் ஆய்வு நிறுவனம்.

தடை உள்ள மாகாணத்தில் இருக்கும் பெண், நியூயார்க்கில் இருக்கும் மருத்துவரிடம் ஆன்லைனில் பேசுகிறார். மாத்திரை தபாலில் வருகிறது. வீட்டிலேயே சாப்பிடுகிறார். நியூயார்க் போன்ற மாகாணங்கள் தங்கள் மருத்துவர்களைப் பாதுகாக்க 'கேடயச் சட்டம்' போட்டிருக்கின்றன. 2025 ஜனவரியில் லூசியானா கிராண்ட் ஜூரி ஒரு நியூயார்க் மருத்துவர் மீது குற்றம் சாட்டியது. அவரை ஒப்படைக்க முடியாது என்று நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல் மறுத்துவிட்டார்.

மருத்துவரைப் பிடிக்க முடியவில்லை என்றால் சட்டத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் மிச்சம் இருப்பது யார்? அந்தப் பெண்தான். தண்டிக்க வேண்டும் என்பவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்.

டெக்சாஸ் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2025 டிசம்பர் 4-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, மாத்திரையைத் தயாரிப்பவர், அனுப்புபவர் மீது பொதுமக்களே குறைந்தது 1 லட்சம் டாலர் கேட்டு வழக்கு போடலாம். அதிலும் மாத்திரை சாப்பிட்ட பெண்ணுக்கு விலக்கு தொடர்கிறது.

விலக்கு இருந்தும் கைது நடக்குதே, எப்படி?

கருக்கலைப்புச் சட்டம் பெண்ணை விட்டாலும், மற்ற சட்டங்கள் விடுவதில்லை.

* 2022 ஏப்ரல், தெற்கு டெக்சாஸ்: தானே கருக்கலைப்பு செய்துகொண்டதாக ஒரு பெண் கொலை வழக்கில் கைதானார். ஜாமீன் தொகை 5 லட்சம் டாலர். டெக்சாஸ் கொலைச் சட்டத்திலேயே தாய்க்கு விலக்கு இருக்கிறது என்பது அம்பலமானதும் வழக்கு கைவிடப்பட்டது. வழக்கை அனுமதித்த அரசு வழக்கறிஞருக்குப் பின்னர் 1,250 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

* நெப்ராஸ்கா: 17 வயதுப் பெண்ணுக்குத் தாயே மாத்திரை வாங்கிக் கொடுத்த வழக்கு. இருவரும் ஃபேஸ்புக்கில் பேசிக்கொண்ட மெசேஜ்களை போலீஸ் நீதிமன்ற உத்தரவோடு வாங்கியது. 2023-ல் மகளுக்கு 90 நாள் சிறை, தாய்க்கு 2 ஆண்டு சிறை. மகள் மீதான குற்றம் கருக்கலைப்பு இல்லை, உடலை மறைத்தது.

* ஒஹாயோ: வீட்டில் கருச்சிதைவு ஏற்பட்ட பெண் மீது, உடலை அவமதித்ததாக 2023-ல் வழக்கு. அவர் கருக்கலைப்பே செய்யவில்லை. சிசு கருவிலேயே இறந்துவிட்டது என்பது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. 2024 ஜனவரியில் கிராண்ட் ஜூரி வழக்கை ஏற்க மறுத்தது.

அலபாமாவில் இன்னொரு கதை. வீட்டில் போதைப்பொருள் தயாரிப்பவர்களிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற 2006-ல் ஒரு சட்டம் வந்தது. அதைக் கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்தலாம் என்று 2013-ல் அம்மாகாண உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஜனவரியில், மாத்திரை சாப்பிடும் பெண்கள் மீதும் இது பாயலாம் என்று அட்டர்னி ஜெனரல் ஸ்டீவ் மார்ஷல் தரப்பு சொல்லி, பிறகு பின்வாங்கியது.

'ரோ' ரத்தான முதல் இரண்டு ஆண்டுகளில் கர்ப்பம் தொடர்பாக 400-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவானதாக 'பிரெக்னன்சி ஜஸ்டிஸ்' அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலானவை கர்ப்ப காலத்தில் போதைப்பொருள் பயன்படுத்தியதாகச் சொல்லும் வழக்குகள். கருக்கலைப்பைக் குறிப்பிடும் வழக்குகள் மிகச் சில.

கருக்கலைப்பு உரிமை ஆதரவாளர்கள் பயப்படுவதும் இதைத்தான். தானாக நடந்த கருச்சிதைவும், மாத்திரையால் நடந்ததும் அறிகுறிகளில் ஒரே மாதிரி இருக்கும். பெண்ணைத் தண்டிக்கச் சட்டம் வந்தால், ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் சந்தேகப் பார்வையைச் சந்திக்க வேண்டியிருக்கும். பயந்து வராமலே இருந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள்.

இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர். 1998 முதல் அங்கு முழுத் தடை. குறைப்பிரசவம், கருச்சிதைவு ஆன பெண்கள்கூட கொலைக் குற்றத்தில் 30 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை பெற்றிருக்கிறார்கள். அப்படித் தண்டிக்கப்பட்டு சிறைக் காலத்திலேயே இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில், அந்நாட்டு அரசே பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது.

மக்கள் என்ன நினைக்கிறாங்க?

பியூ ஆய்வு மையம் 2022-ல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், சட்டவிரோதமாகக் கருக்கலைப்பு நடந்தால் மருத்துவருக்குத் தண்டனை வேண்டும் என்றவர்கள் 60%. பெண்ணுக்கும் ஏதாவது தண்டனை வேண்டும் என்றவர்கள் 47%, வேண்டாம் என்றவர்கள் 50%. ஆனால் பெண்ணைச் சிறையில் போட வேண்டும் என்றவர்கள் 14% மட்டுமே.

குடியரசுக் கட்சி தயங்குவதற்குத் தேர்தல் முடிவுகளும் காரணம். அக்கட்சியின் கோட்டையான கான்சாஸில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 2022 ஆகஸ்டில் சுமார் 59% பேர் நிராகரித்தார்கள்.

ட்ரம்ப்? 2024 ஏப்ரலில் டைம் இதழ் அவரிடம் மறுபடி கேட்டது. தண்டிப்பதா வேண்டாமா என்பது மாகாணங்களின் முடிவு, என் விருப்பம் முக்கியமில்லை என்றார். 2016-ல் சொன்னதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

பிரிட்டன் எதிர்த் திசையில் போகுது

இங்கிலாந்து, வேல்ஸில் 1861-ம் ஆண்டுச் சட்டம், கருவைத் தானே கலைக்கும் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. 1967-ல் வந்த சட்டம் நிபந்தனைகளோடு கருக்கலைப்பை அனுமதித்தது. பழைய சட்டம் அப்படியே இருந்தது. 2023-ல் காலவரம்பைத் தாண்டி மாத்திரை சாப்பிட்ட ஒரு தாய் சிறைக்குப் போனார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு விடுதலையானார்.

அந்த வழக்கு விவாதத்தைக் கிளப்பியது. 2025 ஜூன் 17-ல், சொந்தக் கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ளும் பெண் மீது வழக்கு கூடாது என்ற திருத்தத்தை பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை 379-137 என ஏற்றது. தொழிற்கட்சியின் டோனியா அன்டோனியாசி கொண்டுவந்தது அது.

சரி, இந்தியாவில்?

பலருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். இந்திய சட்டப்படி, விதிகளுக்கு வெளியே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான்.

பிரிட்டிஷ் காலத்தில், 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, 3 ஆண்டு வரை சிறை என்றது. கருவில் அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு என்றால் 7 ஆண்டு வரை. தனக்குத் தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவார் என்று விளக்கமே உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 88-வது பிரிவாகத் தொடர்கிறது.

அப்படியானால் மருத்துவமனைகளில் நடப்பது எப்படி? 1971-ல் வந்த மருத்துவரீதியான கருக்கலைப்புச் சட்டம்தான் பாதுகாப்பு. 2021 திருத்தப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்றால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை அந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெண்ணைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கும் பார்வையும் நம் சட்டத்தில் இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடை செய்யும் 1994-ம் ஆண்டுச் சட்டம், கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் கர்ப்பிணி பரிசோதனைக்கு வந்தார் என்றே முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

அதாவது, கருக்கலைப்பு எளிதாகக் கிடைக்கும் இந்தியாவில் பெண்ணுக்கு எதிரான பிரிவு புத்தகத்தில் இருக்கிறது. கருக்கலைப்பே தடையான டெக்சாஸில் பெண்ணுக்கு விலக்கு புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்து என்ன?

அமெரிக்காவில் பெரும்பாலான மாகாண சட்டமன்றங்கள் ஜனவரியில் கூடுகின்றன. ஒழிப்புவாதிகளின் மசோதாக்கள் மறுபடி வரும் என்பதில் சந்தேகமில்லை. அப்போது தலைப்பையோ தண்டனை எத்தனை ஆண்டு என்பதையோ மட்டும் பார்த்தால் போதாது. தாய்க்கு இது பொருந்தாது என்ற வரி மசோதாவில் இருக்கிறதா, வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடை உள்ள மாகாணங்களில் ஒரு பெண்ணுக்கும் சிறைக்கும் நடுவே இன்றைக்கு நிற்பது அந்த ஒரு வரிதான். அது அரசியல் சாசனம் தந்த பாதுகாப்பு கிடையாது. சட்டமன்றம் எழுதிய வரி, சட்டமன்றத்தால் அழிக்கவும் முடியும்.